எல்லாம் வாயு இல்லை

மயிலாப்பூர் வீடுகளில் அம்மாவுக்கு நெஞ்சு கனத்தால் முதலில் வருவது ஓமத் தண்ணீர். முதுகு பிடித்தால் அமிர்தாஞ்சன். 1893-இல் பம்பாயில் தொடங்கிய அந்த நிறுவனம் பிற்பாடு லஸ்ஸுக்கே குடிவந்துவிட்டது. தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயரில்தான் நாம் நடை போகும் பூங்காவும் இருக்கிறது. தலைவலிக்கு நல்ல தைலம். ஆனால், தோள்பட்டைகளுக்கு நடுவே திடீரென்று பிடித்து, கூடவே குப்பென்று வியர்க்கிற வலிக்குத் தைலத்தில் மருந்து கிடையாது. அது மாரடைப்பாக இருக்கலாம்.

பெண்களுக்கும் முக்கிய அறிகுறி நெஞ்சில்தான். அது சுரீரென்ற வலியாக இல்லாமல் பாரமாகவோ, இறுக்கமாகவோ, எரிச்சலாகவோ இருக்கலாம். அதனால்தான் வாயு என்று நினைத்துவிடுகிறோம். தாடை வலி, கழுத்து வலி, குமட்டல், மூச்சு வாங்குவது இவையெல்லாம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமலும் போகலாம். சிலருக்குச் சில நாள் முன்பிருந்தே காரணமில்லாத அசதி. தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு விடுவிடுவென்று வந்தவர், இப்போது வெறுங்கையோடு நின்று நின்று வருகிறார் என்றால், வயசாச்சு என்று விடக்கூடாது. டாக்டரிடமும் "கொஞ்சம் அசதி" என்று முடித்துவிடாமல், "போன மாசம் மாடி ஏறினேன், இந்த மாசம் பாதியிலேயே மூச்சு முட்டுது" என்று சொல்லுங்கள்.

"குழம்பை இறக்கிட்டு வரேண்டி, சாயந்திரம் ஆத்துக்கு மனுஷா வரா." ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வரும் இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. மாரடைப்பு என்றால், அடைத்த ரத்தக் குழாய்க்கு அப்பால் ரத்தமில்லாமல் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். செத்தது திரும்பி வராது. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். மாடிப்படி இறங்க வேண்டாம், ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அது சரியாக இருக்கிறது என்றதும் கிளம்பிவிடாதீர்கள். முதல் ஈ.சி.ஜி.யில் தெரியாதது அடுத்ததில் தெரியலாம். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்வதுண்டு. ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லாவிட்டாலும் வலி பொய்யாகிவிடாது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் வரும் கோளாறு பெண்களிடம் அதிகம், அது ஆஞ்சியோவில் நேரடியாகத் தெரியாது.

மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடும். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்து வையுங்கள். கணவருக்கு டெஸ்ட் எடுக்கப் போகும் அன்றே நீங்களும் கையை நீட்டலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ பிரஷரோ இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க, கர்ப்பிணிகள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுப்பது இன்று தமிழ்நாட்டில் வழக்கமாகியிருக்கிறது. அதற்கு விடாமல் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அந்தச் சோதனையில் உங்களுக்கு 140-ஐத் தாண்டியிருந்ததா? பிள்ளை இப்போது காலேஜ் போனாலும் சரி, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். பிரசவ ஃபைல் பரணில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.