டயர்க் காற்றும் விடியற்காலையும்

சித்திரை விடுமுறையில் நுவரெலியாவின் வசந்தகால வைபவத்தைக் காண மோட்டார் சைக்கிளில் புறப்படுவோர், டயரின் காற்றை எந்த வேளையில் பரிசோதிக்க வேண்டும் என்று அறிவீர்களா? கொழும்பின் கிராண்ட்பாஸ் வீதி இன்னும் விழித்தெழாத விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்ப்பதுதான் உத்தமம். ஏனெனில், களனிப் பாலத்தைக் கடந்து கண்டி வீதியில் வெகுதூரம் ஓடிய டயருக்குள் காற்று உஷ்ணமேறி, அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்துவிட்டால், இறம்பொடை வளைவுகளைத் தாண்டி மலைக்குளிரில் வண்டி இளைப்பாறும்போது டயர் தளர்ந்துபோகும். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வதானால் பின் டயருக்குச் சற்று அதிகக் காற்று அவசியம். அந்த அளவு பல வண்டிகளில் செயின் கவர் மீதே ஒட்டப்பட்டிருக்கிறது, தயவுசெய்து ஒருமுறை குனிந்து படித்துவிட்டுப் புறப்படுங்கள்.