கட்டுபடியாகும் இடம் எது? - ஒரு சிறு வக்கீல் ஆபீசின் கணக்கு

வியாபாரத்தில் நாம் எடுத்தவுடன் கேட்பது 'கட்டுபடியாகுமா?' என்பதுதான். இதையே கணக்கியல் நூல்கள் 'சமநிலைப் புள்ளி' என்று சொல்லும். வரவும் செலவும் சரிக்குச் சரியாய் நிற்கும் இடம் அது. கீழே போனால் நட்டம், மேலே வந்தால் லாபம். கடைக்காரருக்கு இதைக் கல்லாவே சொல்லிவிடும். படித்த தொழில் செய்கிறவர்கள்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

நம் ஹெப்பகோடியில் சிறிய வக்கீல் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர் மகன் ஒருநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "மாமா, மாசம் எட்டு கேஸ் வருது. கையில காசு நிக்கல. மூடிட்டு சம்பளத்துக்குப் போயிடலாமான்னு பாக்குறேன்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் நிலையான செலவு: வாடகை 18,000, குமாஸ்தா சம்பளம் 22,000, ஜூனியருக்கு 15,000, மின்சாரம், போன் 4,000, சட்டப் புத்தகம் 3,000. ஆக ரூ. 62,000. ஒரு கேசுக்குச் சராசரி பீஸ் 12,000. ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போய்வர, டைப்பிங், நகல் என்று கேசுக்குக் கேஸ் ஆகும் செலவு 3,500. மிச்சம் 8,500. 62,000-ஐ 8,500-ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல். எட்டு கேஸ் போதும் என்று தம்பி நினைத்தது இப்படித்தான்.

"உன் சாப்பாடு எங்கப்பா இதுல?" என்று கேட்டேன். வீட்டுச் செலவுக்கு 40,000 சேர்த்தால் நிலையான செலவு 1,02,000. இப்போது பன்னிரண்டு கேஸ் வேண்டும்.

இரண்டாவது பிழை, பேசிய பீசை வந்த பீசாக எழுதியது. நாலில் ஒருவர் தரவில்லை என்றால் சராசரி வரவு 9,000, மிச்சம் 5,500. தேவை பத்தொன்பது கேசாக ஏறிவிடுகிறது! மூன்றாவது, கட்சிக்காரர் கோர்ட் கட்டணத்துக்குக் கொடுத்த பணத்தையும் வரவில் சேர்த்தது. அது அவர் பணம்; தனிக் கணக்கில் நிற்க வேண்டியது.

கடையென்றால் தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்க்கலாம். வக்கீலுக்கு அது ஆகாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் பார் கவுன்சில் வகுத்த விதிகள் விளம்பரம் செய்து கேஸ் பிடிப்பதைத் தடுக்கின்றன. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பீஸ் பேசவும் கூடாது. ஆகவே கேசைப் பெருக்குவதைவிட, தேவைப்படும் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

அதற்கு இரண்டு உபாயம். ஒன்று, பீசைக் கட்டம் கட்டமாக வாங்குவது: நோட்டீசுக்கு இவ்வளவு, மனு தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தாலும் பாக்கி சேராது. மற்றொன்று, மாதச் சந்தா. பொம்மசந்திரா பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒப்பந்தம், செக் பவுன்ஸ் என்று ஏற்கெனவே அவரிடம் வருகிறார்கள். அவர்களில் நால்வர் மாதம் 10,000 என்று ஒப்புக்கொண்டால் 40,000 ஆயிற்று. மீதி 62,000-க்கு, பீஸ் ஒழுங்காய் வந்தால், அதே எட்டு கேஸ் போதும்!

வரவு சிறிதானாலும் செலவு அதைத் தாண்டாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் காட்டிய கணக்கு. தம்பி ஆறு மாதம் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். சட்டம் படித்த பிள்ளைகள் உள்ள பெற்றோர், ஆபீசுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.