பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு

பொழிச்சலூர்வாசிகள் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் அவர்களுக்கு அடுத்த வீடு மாதிரி. தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகிற விமானமும், வேலியில் உட்கார்ந்திருக்கும் காக்கையும் ஒன்றுதான். ஆனால் அதே ஊர்க் கடையில், அலமாரியின் மேல் தட்டில், சீமையிலிருந்து வந்த ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் பெட்டி பளபளவென்று நிற்கட்டும். ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் யாராவது போவார்களா?

"பிளேன்ல வந்ததா அண்ணாச்சி?" என்று கேட்கத் தோன்றும். இல்லை, அம்மா! பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருக்கிற சரக்கை விமானத்தில் ஏற்றினால் யாருக்குக் கட்டுபடியாகும்? கப்பலில்தான் வந்திருக்கும்.

ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சாமான் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பர்மா பஜார்தான் கதி. நுகர்பொருள்களை இஷ்டம்போல் இறக்குமதி செய்ய நம் சர்க்கார் அனுமதிப்பதில்லை. அந்தத் தடைகளில் எஞ்சியிருந்தவை 2001 ஏப்ரல் 1ந் தேதி நீங்கின. கதவு திறந்தது என்னவோ உண்மை. ஆனால் வாசலில் காவல்காரர் நிற்கிறார். 2006ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம்தான் அவர். அவரைத் தாண்டி வந்ததற்கு அத்தாட்சி, அந்தப் பெட்டியின் முதுகில் இருக்கிறது. பெட்டியைச் சற்றே திருப்பிப் பாருங்கள்.

ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். இறக்குமதியாளரின் பெயர், விலாசம், அவருடைய லைசென்ஸ் எண், ஒரு சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. இவை விட்டுப்போயிருந்தால் துறைமுகத்துக்கு வந்த பிறகும், சுங்கக் கிடங்கில் வைத்து, பிய்க்க முடியாதபடி சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று 2017ம் வருஷத்து இறக்குமதி விதிகள் சலுகை தருகின்றன. ஆனால் அச்சிட்ட காலாவதித் தேதியை மறைத்தோ, மாற்றியோ சீட்டு ஒட்ட முடியாது. அந்த ஜம்பம் சாயாது!

ஆரஞ்சுப் பழத்துக்குச் சைவ முத்திரை எதற்கு என்று அயல்நாட்டு வியாபாரி சிரிக்கலாம். அவர் சிரிக்க வேண்டாம். ஆப்பிள் ரசத்தைத் தெளிய வைக்க ஜெலட்டின் சேர்ப்பது பழைய முறை. ஜெலட்டின் என்பது ஆடுமாடுகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற வஸ்து. நம் வீட்டுப் பாட்டிமார் இதைக் கேட்டால் பெட்டியைத் தெருவில் வீசிவிடுவார்கள்.

சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் என்ன நடக்கிறது? கண்டெய்னர் மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கிடங்கு ஒன்றுக்குப் போகிறது. கிளியரிங் ஏஜெண்டு காகிதங்களைத் தாக்கல் செய்கிறார். ஆணையத்தின் அதிகாரி சரக்கைப் பார்வையிட்டு, வேண்டுமானால் இரண்டு மாதிரி எடுக்கிறார். ஒன்று பரிசோதனைச் சாலைக்கு. மற்றொன்று, பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு. ஐந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆப்பிள் ரசமானால் 'பாட்டுலின்' என்ற நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அழுகிய ஆப்பிளில் பூஞ்சணத்தால் உண்டாவது அது. கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அழுகல் பழத்தையும் சேர்த்துப் பிழிந்தவர் இங்கே அகப்பட்டுக்கொள்வார். முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு செய்யலாம். மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்துக்கு மறு சோதனைக்குப் போகும். அங்கேயும் தேறாவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும்.

இதற்கிடையில் வியாபாரியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். பணத்தை முன்னாலேயே அனுப்பியாயிற்று. கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சத்துரு, பெட்டியில் அச்சடித்திருக்கும் தேதி. சுங்கத்தை விட்டு வெளிவரும் சமயத்தில், மொத்த ஆயுளில் 60 சதவிகிதமோ, மூன்று மாதமோ, இவற்றில் எது குறைவோ அதுவாவது பாக்கி இருக்க வேண்டும். ஒரு வருஷ ஆயுள் உள்ள பெட்டிக்கு இது மூன்று மாதம். 'அடேயப்பா, ஒன்பது மாதம் கையில் இருக்கிறதே!' என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலையில் சில வாரம், கப்பலில் சில வாரம் போய்விடும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் பல, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன. ஜூஸ் பெட்டிக்கு அரசியல் தெரியுமா? அதன் ஆயுள் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

ஆகவே, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கடையில் கண்டால், கடைக்காரரின் தாராள குணத்தை மெச்சுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுவது உத்தமம்.

அது போகட்டும், பெட்டிக்குள் இருப்பது என்ன? நம் விதிப்படி, பழ பானம் என்ற பெயருக்குப் பத்தில் ஒரு பங்கு பழரசம் இருந்தால் போதும். எலுமிச்சை பானத்துக்கு அதிலும் பாதி. படத்தில் மட்டும் பழம் முழுசாக, பனித்துளியோடு இருக்கும்! ஜூஸ் என்ற பெயர் வேண்டுமானால் கதை வேறு. அதில் கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தால் 'இனிப்பூட்டிய ஜூஸ்' என்று சொல்லியாக வேண்டும். சுண்டக் காய்ச்சிய சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து தயாரித்ததை '100 சதவிகிதப் பழரசம்' என்று பெட்டியிலும் விளம்பரத்திலும் போடக்கூடாது என்று 2024 ஜூன் மாதம் ஆணையம் உத்தரவு போட்டது. அது உள்நாட்டுக் கம்பெனிகளையும் சேர்த்துத்தான் உலுக்கியது. சாற்றைச் சுண்டவைத்து அனுப்பினால் கப்பல் கூலி மிச்சம் அல்லவா? வியாபாரத்தில் பெரும் பகுதி அப்படித்தான் நடக்கிறது.

நாம் மட்டும்தான் இப்படிக் கெடுபிடி செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிளிமூக்கு மாம்பழத்தின் கூழ் வெகுகாலமாக வெளிநாடு போகிறது. சவூதி அரேபியா பழைய வாடிக்கை. அந்தச் சவூதியிலும், ஐக்கிய அரபு நாட்டிலும், 2019 டிசம்பரில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு 50 சதவிகிதத் தனி வரி போட்டார்கள். சர்க்கரை சேர்க்காத முழுப் பழரசம் தப்பித்தது.

சிங்கப்பூர்க்காரர்கள் வரி போடவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க்குப் போட்டார்கள். 2022 டிசம்பர் 30 முதல் பெட்டியில் அடைத்த பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. நூறு மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. சி-யும் டி-யும் அந்த எழுத்தைப் பெட்டியின் முகத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: பழத்தில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் கணக்கில் சேரும். ஒரு கரண்டி சர்க்கரை கலக்காத ஆரஞ்சு ஜூஸ்கூட சி வகுப்பில் உட்கார நேர்கிறது. இது அநியாயம் என்று ஜூஸ் வியாபாரிகள் முணுமுணுத்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நீரிழிவுக்காரர் உடம்புக்கு அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிக் கவலை இல்லையே!

நம் ஊர்க் குழந்தைகள் உறிஞ்சிக் குடிக்கும் மாம்பழ பானங்கள் பலவற்றுக்கு அங்கே கிடைக்கக்கூடிய எழுத்து டி-தான். டி வாங்கிய பானத்தைச் சிங்கப்பூர்க் கடையில் விற்கலாம். விளம்பரம் மட்டும் செய்யக்கூடாது.