கழுத்து தேய்ந்தால் தலை சுற்றுமா?

சேலையூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் போடச் சொன்னார்கள். கழுத்துக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. ஆனால் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சி பெரும்பாலும் உட்காதில் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்களின் வேலை. தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறை அதற்குக் கைகொடுக்கும், காலர் கொடுக்காது. தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை எல்லாத் தலைசுற்றலுக்கும் தேய்மானத்தையே காட்டும் பழக்கம் மாற வேண்டும். படத்தில் தேய்மானம் தெரிந்தாலே அதுதான் காரணம் என்றாகாது: ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 87.6 சதவீதம் பேருக்கு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது.

உண்மையான கழுத்துத் தலைசுற்றல் வேறு ரகம். உலகம் சுழலாது, நடை தள்ளாடும், தலை மிதக்கும், கழுத்து வலியோடு சேர்ந்தே வரும். 1926-இல் பிரான்ஸின் மருத்துவர் பாரே கழுத்து நரம்புகள்மேல் பழிபோட்டார்; அந்த விளக்கம் நிற்கவில்லை. 1955-இல் ரயன், கோப் என்ற மருத்துவர்கள் இதற்குக் கழுத்துத் தலைசுற்றல் என்று பெயர் வைத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

விஷயம் தசையில் இருக்கிறது. தலை திரும்பியதைக் காது சொல்லும்; உடலும் சேர்ந்து திரும்பியதா என்பது அதற்குத் தெரியாது. கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழி ஓரம் போனால், சாய்ந்தது சுவரா, தன் கையா என்பதை அவருடைய மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும். மணிக்கட்டு மரத்துவிட்டால் ரசமட்டம் பழுதில்லாமல் இருந்தும் நேரான சுவரை இடிக்கச் சொல்வார். தலைக்கு அந்த மணிக்கட்டு கழுத்து. பெருங்களத்தூரில் எழும் அடுக்குமாடிக்கு வரிசைக்கு ஒருமுறை மட்டம் பார்த்தால் போதும். நமக்கோ அடிக்கு அடி பார்த்தாக வேண்டும், கட்டடமே நடந்துகொண்டிருப்பதால்.

பிடரியில், மண்டையோடு முடியும் இடத்தில் இரு பெருவிரல்களையும் அழுத்திக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடவலமாக உருட்டிப் பாருங்கள். விரலுக்கடியில் தசை இறுகித் தளர்வது தெரியும். அந்தக் குட்டித் தசைகளில்தான் நீட்சியை அளக்கும் தசைக்கதிர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் மனிதக் கருக்களில் எண்ணி 2001-இல் வெளியிட்ட கணக்கில், அவற்றுள் ஒரு தசையில் கிராமுக்கு 242! முதுகின் பெரிய தசைகள் கிட்டே வர முடியாது. 1977-இல் நெதர்லாந்தில் கழுத்துக்குள் மரப்பு ஊசி போட்டபோது, காது நன்றாக இருந்தும் ஆட்கள் தள்ளாடினார்கள். வலியாலோ காயத்தாலோ இறுகிய தசை தவறான தகவல் அனுப்பினாலும் மூளை இப்படித்தான் குழம்புகிறது.

இதை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. காது, ரத்த அழுத்தம், மூளை என மற்றவற்றை விலக்கிய பிறகே கழுத்துக்கு வர வேண்டும். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் மரத்தாலோ எக்ஸ்ரேக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கழுத்துதான் காரணம் என்றால் பயிற்சி பலன் தரும். நெற்றியில் லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைப்பார்கள். கண்ணை மூடி, தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். புள்ளி சுமார் 7 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் கழுத்தின் கணக்கு பிசகியிருக்கிறது. அதே விளக்கை வைத்தே, விலகல் குறையும்வரை பழக்குகிறார்கள்.