நீளும் சைக்கிளுக்கு நீளமான சங்கிலி: கவனிக்க வேண்டியது தொய்வு

இரண்டு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்கும்போது சங்கிலி கழன்றுவிட்டால் என்ன ஆகும்? சாதாரணச் சைக்கிள் என்றால் காலை ஊன்றி, கையில் கொஞ்சம் கரி பூசிக்கொண்டு சரிசெய்துவிடலாம். சுமை ஏற்றுவதற்காகப் பின்புறம் நீட்டப்பட்ட சைக்கிளில் அது அவ்வளவு சுலபமல்ல. மிதிக்கும் விசை சட்டென்று அற்றுப்போனால், பிள்ளைகளின் எடையோடு வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும்.

இவ்வகை வண்டிகளை ஆங்கிலத்தில் ‘லாங்டெயில்’ என்கிறார்கள். நீண்ட வால் என்று பொருள். நிகராகுவாவில் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு ரோஸ் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘எக்ஸ்ட்ராசைக்கிள்’ நிறுவனம்தான் இதைப் பரவலாக்கியது. சாதாரணச் சைக்கிளின் பின்னால் ஒரு சட்டத்தைப் பூட்டி, பின்சக்கரத்தை ஏறக்குறைய 15 அங்குலம் தள்ளி வைத்தார்கள். பிறகு சர்லி, யூபா போன்ற நிறுவனங்கள் தொடக்கத்திலேயே நீண்ட உடலோடு வண்டிகளைச் செய்தன.

மிதிகட்டை சுழலும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை ஓடும் குழாய்க்கு ‘செயின்ஸ்டே’ என்று பெயர். சாதாரண வண்டியில் அது 17 அங்குலம் இருந்தால், நீட்டிய வண்டியில் 32 அங்குலமாகிறது. சங்கிலி மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் ஓடுவதால், 15 அங்குலம் நீட்டினால் 30 அங்குலச் சங்கிலி கூடுதலாக வேண்டும்.

எவ்வளவு வாங்குவது? கணக்கு எளிது. செயின்ஸ்டே நீளத்தை இரண்டால் பெருக்குங்கள். முன்புறப் பெரிய பற்சக்கரத்தின் பற்களில் நான்கில் ஒரு பங்கு, பின்புறப் பெரிய பற்சக்கரத்தின் பற்களில் நான்கில் ஒரு பங்கு, அதோடு 1. எல்லாவற்றையும் கூட்டினால் அங்குலத்தில் விடை வரும். முன்னால் 44 பற்கள், பின்னால் 32 பற்கள், செயின்ஸ்டே 32 அங்குலம் என்றால், 64 + 11 + 8 + 1 = 84 அங்குலம். ஒரு கண்ணி அரை அங்குலம் என்பதால், 168 கண்ணிகள்.

கடையில் கிடைக்கும் ஒரு பெட்டியில் பெரும்பாலும் 116 கண்ணிகள் இருக்கும். ஆக, ஒன்று போதாது. இரண்டு வாங்கினால் இரண்டாவதில் பாதிக்கு மேல் மீந்துபோகும். மூன்று பெட்டிகளாக வாங்குவதே சிக்கனம். 348 கண்ணிகளில் இரண்டு முழுச் சங்கிலிகள் கிடைக்கும். ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று தேய்ந்தபின் மாற்றுவதற்கு.

ஒட்டுப்போடும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய சங்கிலி இருக்கிறதே, அதோடு புதிதாக ஒரு துண்டு சேர்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஓடித் தேய்ந்த சங்கிலியில் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் சற்றே கூடியிருக்கும். புதிய பாதி பல்லில் சரியாக அமரும், பழைய பாதி ஏறி வழுக்கும். இரண்டு துண்டுகளும் ஒரே தயாரிப்பாக, ஒரே கியர் எண்ணிக்கைக்கு உரியவையாக இருக்கட்டும். கையால் பூட்டும் இணைப்புக் கண்ணியைப் பயன்படுத்தினால், இணையும் இரு முனைகளும் உள்கண்ணிகளாக இருக்க வேண்டும்.

சரி, நீளம் கூடிவிட்டதால் சங்கிலி அறுந்துவிடுமோ? நீளத்துக்கும் அறுபடுவதற்கும் தொடர்பில்லை. மிதிக்கும் விசைதான் மேற்பகுதியை இழுக்கிறது. அந்த இழுவை 17 அங்குலத்திலும் 32 அங்குலத்திலும் ஒன்றே. உண்மையான தொல்லை கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கே பின்கியர் மாற்றியின் சிறிய ஸ்பிரிங் மட்டுமே சங்கிலியைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவை மாறாமல் இடைவெளி மட்டும் இரட்டிப்பானால், தொங்கும் தொய்வு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். சாலைக் குழியில் சக்கரம் இறங்கியதும் அந்தத் தொய்வு ஊஞ்சலாடிக் குழாயில் அடிக்கும். துள்ளல் முன்புறம்வரை போனால் சங்கிலி கழலும். பலர் கியரைக் குறைசொல்லி அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; பாவம், அதன்மேல் தவறில்லை.

இதற்கு நல்ல தீர்வு, ‘கிளட்ச்’ உள்ள பின்கியர் மாற்றி. அதன் கை முன்னோக்கி எளிதில் ஆடாதபடி கிளட்ச் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒரே பற்சக்கரம் உள்ள வண்டியில், தடித்த பல்லும் மெலிந்த பல்லும் மாறிமாறி வரும் சக்கரத்தைப் பொருத்தினால் சங்கிலி எளிதில் நழுவாது. கீழ்ப்பகுதியை நடுவில் ஒரு சிறிய உருளையால் தாங்குவதும் உண்டு. சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிள்களில் பிளாஸ்டிக் குழாய்க்குள் சங்கிலியை விடுகிறார்கள். அவற்றின் சங்கிலி இதைவிடவும் நீளமானது.

நீளத்தால் நன்மையும் உண்டு. கியர் மாறும்போது சங்கிலி பக்கவாட்டில் சாயும் கோணம் குறைகிறது. ஒவ்வொரு கண்ணியும் பல்லைச் சுற்றி வரும் முறையும் குறைவதால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். தேய்மானத்தை அளப்பது பழைய முறைதான்: 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு துண்டுகளிலும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் நடுவே கியர் அடங்கிய வண்டிகளில் தொய்வை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் இல்லை. மேற்சொன்ன அளவு தேய்ந்தால் 84 அங்குலச் சங்கிலி ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீண்டுவிடும். பின்சக்கரத்தை ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி அதைச் சரிசெய்ய வேண்டும். அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

நம் வட்டாரத்து மழையில் எண்ணெய் சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். எண்ணெய் விடும்போது பழக்கத்தில் மூன்று சுற்று சுற்றிவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. 44 பற்களுக்கு 168 கண்ணிகள் முழுவதும் ஓட, ஏறத்தாழ நான்கு சுற்று வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பகுதி எப்போதும் வறண்டே இருக்கும். இணைப்புக் கண்ணியில் தொடங்கி, அதே கண்ணி திரும்ப வரும்வரை சுற்றினால் கணக்கே தேவையில்லை. மூன்று பெட்டிகளில் மீந்த 12 கண்ணிகளையும் தூக்கி எறிய வேண்டாம். ஓர் இணைப்புக் கண்ணியும் சங்கிலி பிரிக்கும் சிறு கருவியும் சேர்த்துப் பையில் போட்டு வைத்தால், வழியில் ஒரு கண்ணி வளைந்தாலும் அதைக் கழற்றி மாற்றிவிட்டு வீடு திரும்பலாம்.