முல்லையின் மாலை

தொல்காப்பியர் முல்லைக்கு வகுத்த பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருப்பது அது. நெய்தலுக்கோ இரங்கல். இரண்டும் தனிமைதான், ஆனால் வேறு வேறு தனிமை.

1995 ஒக்டோபரில் அச்சுவேலியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்கு நெய்தற் பாட்டுகளே பொருந்தின. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. படலை சாத்தியபடி, கிணற்றடி, வாழை, வேலிக்கு அப்பால் பனைகள். மகன் கனடாவில், அங்கும் நோய். குறுந்தொகையை எடுத்து முல்லைப் பாட்டுகளைத் தேடினேன். பங்குனி வெயிலில் கார்காலத்தைப் படிப்பது வேடிக்கைதான்! ஆயினும் மாலையில் முற்றத்து முல்லை அவிழும்போது, பூவைப் பார்த்துப் பொழுதறியும் அந்தத் தலைவி அயல்வீட்டுப் பிள்ளைபோல் இருந்தாள். தொலைபேசி பெரும்பாலும் அதற்குப் பிறகே ஒலிக்கும்.