ஹாஸ்பிஸ் எப்படி இயங்குகிறது? சமையற்கட்டுக்குள் போய்ப் பாருங்கள்

மும்பை பரேலில் உள்ள டாட்டா புற்றுநோய் மருத்துவமனையில் ஒருநாள் டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இனிமே பாலியேட்டிவ் ஓபிடியில காட்டுங்க" என்று எழுதிக் கொடுப்பார். கீமோ ஆயிற்று, கதிர்வீச்சும் ஆயிற்று. இனி நோயைத் துரத்துவதற்கில்லை. வலியையும் மூச்சுத் திணறலையும் புண்ணையும் கவனிப்பதுதான் சிகிச்சை. குர்லாவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தாள் புதிதல்ல. சென்ட்ரல் லைனில் போனால் பரேல், ஹார்பர் லைனில் போனால் டாட்டாவின் இன்னொரு வளாகம் இருக்கும் கார்கர். இரண்டுக்கும் ரயில் பிடிக்கத் தோதான ஊர் இது.

தாளோடு திரும்பி வரும் வீடு பெரும்பாலும் ஒற்றை அறை. மூலையில் குளிக்கவும் கழுவவும் மோரி, மேலே இரும்பு ஏணி வைத்து ஏறும் மாளா, கீழே கட்டில் போட்டால் மற்றவர்கள் கால் நீட்ட இடமில்லை. ஆச்சியை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, எங்காவது சேர்ப்பதா? சொந்தபந்தங்களைக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: "அங்க சிஸ்டர்ங்க ரொம்ப அன்பா இருப்பாங்க", "இடம் சுத்தமா இருக்கும்". இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஒரு மெஸ்ஸில் மாதக்கணக்குக்குச் சாப்பாடு எடுக்கப் போகிறவர் மேசை விரிப்பையும் வாசலில் நிற்பவரின் சிரிப்பையும் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும்? சமையற்கட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். அடுப்பு எத்தனை மணிக்கு எரிகிறது, அரிசி மூட்டை இருப்பு எவ்வளவு, ருசி பார்ப்பது யார், ராத்திரி பசித்து வந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க வேண்டும். இப்படிப்பட்ட நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸையும் அப்படித்தான் எடைபோட முடியும்.

இன்று நாம் சொல்லும் ஹாஸ்பிஸுக்கு வடிவம் கொடுத்தது 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் நம் பாந்த்ராவிலேயே இருக்கிறது. மவுண்ட் மேரி சாலையில் 1986-இல் டாக்டர் எல். ஜே. டிசூசா தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் அது. முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். இது ஒரு வகை. இன்னொரு வகையில் டாக்டர், நர்ஸ், ஆலோசகர் என்று ஒரு குழு வீட்டுக்கே வரும். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண கிளினிக்கிலிருந்து கேரளம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இந்த முறைதான். மும்பையிலும் வீடு தேடி வரும் குழுக்கள் உண்டு. கட்டிலோ வீடோ, உள்ளே நடக்கும் வேலை ஒன்றே.

முதலில் அடுப்பு. ஹாஸ்பிஸின் அடுப்பு, வலியை அடக்கும் மார்பின்.

பெயரைக் கேட்டதுமே பல வீடுகளில் முகம் மாறிவிடும். "அது கடைசி மருந்தாச்சே, குடுத்தா போய்ச் சேந்துருவாங்களே" என்பார்கள். அப்படியில்லை. வாய்வழி கொடுக்கும் சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரம். அதனால் கடிகாரத்தைப் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வலி வந்து, ஆச்சி முனக ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்த பிறகு கொடுப்பது, அணைந்த அடுப்பில் விறகு திணித்துப் புகையோடு போராடுவதற்குச் சமம். ஒருமுறை ஏறிவிட்ட வலியை இறக்க நேரமும் அதிகம், மருந்தும் அதிகம். சிம்மில் வைத்த அடுப்பைப் போல மருந்தின் அளவு உடம்பில் தொடர்ந்து இருந்தால், குறைந்த அளவிலேயே வலி அடங்கிக் கிடக்கும்.

நல்ல குழு பார்க்கும் வீட்டில் சுவரிலோ பிரிட்ஜ் கதவிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கட்டம் போட்டிருக்கும். இரவுப் பத்து மணிக் கட்டத்தில் பலருக்கு இரண்டு வேளை அளவைச் சேர்த்து எழுதியிருப்பார்கள், நடுராத்திரி எழுப்பாமல் தூங்க விடுவதற்காக. தாளின் கீழே தனியாக ஒரு வரி: இடையில் வலி வந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம், அதை எங்கே குறித்துவைக்க வேண்டும். பக்கத்திலேயே மலமிளக்கி மாத்திரையும் எழுதியிருக்கும். மார்பின் எடுக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும் என்பதால் அதை முதல் நாளிலேயே சேர்த்து எழுதாதவர் இந்த வேலையைச் சரியாகக் கற்கவில்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். ஒரு இடத்தைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் "வலி இருந்தால் மட்டும்" என்று எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது சரக்கு அறை. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "மார்பின் எப்பவும் இருப்புல இருக்குமா?" மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்பினுக்கு மூலமான அபினி அரசு உரிமத்தோடு பயிராகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. அப்படியும் நம் நோயாளிக்கு மாத்திரை எட்டவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒரு மாத்திரைக்குப் பல உரிமங்கள் கேட்டது. மருத்துவமனைகள் எதற்கு வம்பு என்று மார்பினை வாங்குவதையே விட்டன. 1997-இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குச் செலவான மார்பின் 18 கிலோ அளவுக்கு இறங்கியது. இத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ! டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று பெற்ற நிறுவனம் மார்பினை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆகவே "சட்டச் சிக்கல்ங்க, மார்பின் கிடைக்காது" என்று இன்றும் ஓரிடத்தில் சொன்னால், அங்கீகாரத்துக்கு அவர்கள் முயலவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு மூட்டாத மெஸ்ஸில் இலை போட்டு என்ன பயன்?

ருசி பார்ப்பது அடுத்த வேலை. வலி எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரியாது. நோயாளி சொன்னால்தான் உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று கேட்டு ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகு திரும்ப வந்து கேட்க வேண்டும். இந்த இரண்டாம் கேள்விதான் பல இடங்களில் விட்டுப்போகிறது. உப்புப் போட்டவர் ருசி பார்க்காமலே பரிமாற அனுப்புவது போன்ற பிழை அது.

குர்லாவில் இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்த ஆச்சிக்குக் காய்கறி வாங்குமளவு இந்தி வரும். "காலு எரியுதுடா, மிளகாய் அரைச்சுப் பூசுன மாதிரி" என்பதை இந்தியில் சொல்ல வராது. நர்ஸ் "தர்த் ஹை?" என்று கேட்பார், ஆச்சி "ஹாங்" என்பார், முடிந்தது. எரிச்சல், சுளீரென்று மின்சாரம் பாய்வது, மரத்துப்போவது எல்லாம் நரம்பு வலியின் அடையாளங்கள். மார்பின் மட்டும் அதற்குப் போதாமல் போகலாம். அமிட்ரிப்டிலினோ கேபாபென்டினோ சேர்க்க வேண்டி வரும். எலும்பில் பரவிய வலி வேறு மாதிரி, அசைந்தால் உயிர் போகும். ஆக, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸோ தொண்டரோ இருக்கிறாரா, இல்லையென்றால் பேரன் பேத்தியைப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகக் கேட்பார்களா என்பது மருந்துச் சீட்டையே மாற்றிவிடும் விஷயம்.

இடத்துக்குள் நுழையும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாய்ப் புற்றோ மார்பகப் புற்றோ வெடித்துப் புண்ணானால் அதன் நாற்றம் நோயாளியைத் தன் குடும்பத்திடமிருந்தே விலக்கிவிடும். பேரப்பிள்ளை கிட்டே வராதபோது அந்த மனுஷி படும் வேதனையை எந்த மாத்திரையும் ஆற்றாது. ஆனால் நாற்றத்துக்கு மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவது நம் நாட்டுப் பாலியேட்டிவ் நர்ஸுகள் அன்றாடம் செய்யும், மிக மலிவான வழி. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வாயை ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் இதே வரிசை. நல்ல குழு இவற்றைத் தானே செய்துவிட்டுப் போகாது. வீட்டிலிருக்கும் மகளையோ மருமகளையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையால் ஒருமுறை செய்யவைத்துவிட்டுத்தான் எழும்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, நம் வீடுகளில் பெரிய சண்டையே அங்கேதான். "ரெண்டு வாய்க் கஞ்சியாவது குடிங்கம்மா" என்று மருமகள் கெஞ்சுவாள், ஊரிலிருந்து போன் பண்ணும் அண்ணன், "பட்டினி போட்டே கொல்றீங்களா?" என்பார். கடைசி நாட்களில் உடம்பு உணவை ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. பசி அடங்கிவிடும், திணித்தால் மூச்சுக்குழாயில் இறங்கும், இல்லையென்றால் வாந்தியாகும். சாப்பிடாததால் சாகவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. இதைக் குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்து, அந்த அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்கிற குழு கிடைத்தால் விடாதீர்கள். கேள்வியே கேட்காமல் மூக்கில் குழாய் சொருகும் இடத்தை இரண்டு தரம் யோசியுங்கள்.

இனி ராத்திரி. வீட்டுக்கு வரும் குழுக்கள் பெரும்பாலும் பகலில்தான் வரும். இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுத்தால் யாரைக் கூப்பிடுவது? "எங்க நம்பருக்கு அடிங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண்ணை எடுப்பவர் நோயாளியைப் பார்த்தவரா, என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரிந்தவரா, இல்லை "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று மட்டும் சொல்பவரா? சேருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த எண்ணுக்குப் போன் பண்ணிப் பாருங்கள், தப்பில்லை. அமெரிக்காவில் இறந்தவரின் குடும்பத்திடமே கேள்வித்தாள் அனுப்பி, இரவிலும் விடுமுறை நாளிலும் உதவி கிடைத்ததா, வலி அடங்கியதா என்று கேட்டு, பதில்களைத் தொகுத்து ஒவ்வொரு ஹாஸ்பிஸின் பெயரோடும் அரசே வெளியிடுகிறது. இங்கே அந்த வேலையை நாம்தான் நாலு குடும்பங்களிடம் விசாரித்துச் செய்துகொள்ள வேண்டும். இந்தியாவுக்கென்று குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்றை ராஜகோபால், டாட்டாவின் மேரி ஆன் முக்கடன் உள்ளிட்ட நிபுணர்கள் வகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். தடையில்லாத மார்பின், முறையான பயிற்சி பெற்ற டாக்டரும் நர்ஸும், நோயாளியை முழுசாகப் பார்க்கும் ஏற்பாடு, குடும்பத்துக்கு ஆதரவு ஆகியவை அதில் வருகின்றன. அதன்படி தங்களைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் நல்ல குழு மகிழ்ந்து பேசும்.

மும்பையில் நிறையப் பேர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நர்சிங் பியூரோவிலிருந்து பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வரும் ஆயாவும் வார்டுபாயும் பாலியேட்டிவ் கேர் அல்ல. குளிப்பாட்டுவார்கள், துணி மாற்றுவார்கள், அதற்கான கூலி நியாயமானது. மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க அவர்களால் முடியாது. "ஹோம் ஹாஸ்பிஸ்" என்று விளம்பரம் செய்பவர் அனுப்புவது யாரை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சங்கடமானாலும் கேட்டாக வேண்டிய இன்னொன்று: வீட்டில் உயிர் பிரிந்தால் மரணச் சான்று யார் கொடுப்பார்? டாக்டர் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் 4ஏ இல்லாமல் சுடுகாட்டு வேலைகள் நகராது. விடியற்காலையில் தெரியாத டாக்டரின் கதவைத் தட்டினால், பார்க்காத நோயாளிக்குக் கையெழுத்துப் போட அவர் தயங்குவார். அது அவர் தவறும் அல்ல. தொடர்ந்து பார்த்துவந்த குழு இதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கும். மீந்த மார்பினைக் கணக்கோடு திரும்ப வாங்கிக்கொள்ளும். சில வாரம் கழித்து, "எப்படிம்மா இருக்கீங்க, தூங்குறீங்களா?" என்று கேட்டுப் போனும் பண்ணும்.

2015-இல் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 80 நாடுகளில் சாவின் தரத்தை மதிப்பிட்டபோது இந்தியாவுக்குக் கிடைத்த இடம் 67. மருந்து மலிவு, முறை தெரியும், பாந்த்ராவிலும் கேரளத்திலும் செய்து காட்டியாயிற்று. அப்படியிருந்தும் இந்த இடம் என்பது எனக்கு ஆறாத கோபம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். 2010-இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கீமோவோடு சேர்த்து ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேர் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், பெறாதவர்களில் அது 8.9 மாதம். டாட்டாவில் தாள் எழுதிக் கொடுத்த அதே வாரத்தில், ஆச்சி இன்னும் தானே எழுந்து உட்காரும்போதே, ஃபைலோடு போய் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் கேள்வியாக மார்பின் இருப்பைக் கேளுங்கள்.